உயிரியல் ஆராய்ச்சியை வகுப்பறைக்குள் கொண்டுவருவது: 46 என்ற எண்ணிலிருந்து தொடங்கலாம்

கேள்வி இதுதான்: "உயிரியலில் முதுகலை முடித்துவிட்டு ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறேன். ஆராய்ச்சியிலும் ஆர்வம் உண்டு. ஆனால் மாணவர்கள் பாடத்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள், கேள்வியே கேட்பதில்லை. ஆராய்ச்சியை வகுப்புக்குள் கொண்டுவர முடியுமா? பெரிய ஆய்வக வசதி இல்லாமல் எங்கிருந்து தொடங்குவது?"

முடியும். ஆய்வக வசதி இரண்டாம்பட்சம்தான். முதலில் மாற வேண்டியது நாம் பாடத்தைச் சொல்லும் விதம். பாடநூலில் இருக்கும் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் பார்த்து, எண்ணி, எடைபோட்டு, சந்தேகப்பட்டு, திரும்பப் பார்த்து எழுதியது. அந்தப் பாடெல்லாம் உதிர்ந்துபோய் முடிவு மட்டும் வகுப்புக்கு வந்து சேர்கிறது. முடிவை மட்டும் கையில் கொடுத்தால் மனப்பாடம் செய்வதைத் தவிர மாணவர் வேறென்ன செய்வார்? "இது எப்படித் தெரிந்தது?" என்ற கேள்வியை வாரத்துக்கு ஒரு பாடத்திலாவது எடுத்து, அவசரப்படாமல் கடைசிவரை போய்ப் பாருங்கள். நான் பல வருடங்களாக முயன்றதில் உருப்படியாகப் பலன் தந்தது இது ஒன்றுதான்.

எனக்குப் பிடித்த உதாரணத்தைச் சொல்கிறேன். மனித செல்லில் எத்தனை குரோமோசோம்கள் (மரபுச் செய்தியைச் சுமக்கும் நூல்போன்ற அமைப்புகள்) என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் 46 என்று சொல்லும். 1950-இல் இதே கேள்வியை எந்த உயிரியல் வகுப்பில் கேட்டிருந்தாலும் அதே உறுதியோடு 48 என்று சொல்லியிருப்பார்கள். முப்பது வருடத்துக்கு மேல் உலகம் முழுக்க அப்படித்தான் இருந்தது.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் தியோஃபிலஸ் பெயின்டர் என்பவர் மனித விந்தகத் திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்து எண்ணினார். 1921-இல் அவர் எழுதியதைப் படித்தால் தயக்கம் தெரிகிறது. மிகத் தெளிவாக இருந்த செல்களில் 46தான் தெரிந்தது, வேறு சிலவற்றில் 48 தெரிந்தது. 1923-இல் 48 என்று முடிவுகட்டிவிட்டார். கவனக்குறைவான ஆள் இல்லை அவர். அவர் கையில் இருந்த முறையின் எல்லை அது. திசுவைச் சீவும்போது குரோமோசோம்கள் வெட்டுப்பட்டு ஒன்று இரண்டாகத் தெரியும். மிச்சமிருப்பவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடக்கும்.

இதை வகுப்பில் காட்ட நூல்கண்டு ஒன்று போதும். நாற்பது சொச்சம் நூல்துண்டுகளை வெட்டி ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் திணித்து, திறக்காமல் எண்ணச் சொல்லுங்கள். பதில்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். அப்புறம் குப்பியில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, ஒரு தட்டில் கொட்டிப் பரப்பி மறுபடி எண்ணச் சொல்லுங்கள். பெயின்டருக்கு என்ன நேர்ந்தது என்பதை நீங்கள் விளக்கவே வேண்டாம்.

தண்ணீர் என்று சும்மா சொல்லவில்லை. 1952-இல் டி.சி. ஷு என்ற ஆய்வாளரின் ஆய்வகத்தில் செல்களைக் கழுவும் உப்புக்கரைசலை யாரோ அளவு தவறி நீர்க்கக் கலந்துவிட்டார்கள். நீர்த்த கரைசலில் போட்ட செல்லுக்குள் தண்ணீர் புகுந்தது. சவ்வூடு பரவல் பாடத்தில் நாம் நடத்துகிறோமே, அதேதான். செல் உப்பியது, உள்ளே குரோமோசோம்கள் அழகாக விலகி நின்றன. அந்தத் தவறைச் செய்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது அதற்கு அடுத்து நடந்ததுதான்: அவ்வளவு தெளிவாகப் பரப்பிப் பார்த்த ஷுவும் 48 என்றுதான் எழுதினார்.

1955 டிசம்பரில் ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் சியோ மனிதக் கருவின் நுரையீரல் செல்களை வளர்த்து, கால்ச்சிசினால் செல் பிரிதலை நடுவழியில் நிறுத்தி, நீர்த்த கரைசலில் உப்பவைத்து, நசுக்கிப் பரப்பி எண்ணினார். 46. திரும்பத் திரும்ப 46. ஆல்பர்ட் லெவனுடன் சேர்ந்து 1956-இல் அதை வெளியிட்டார். அந்தக் கட்டுரையிலேயே ஒரு செய்தி இருக்கிறது. அதற்கு முன்பு இன்னொரு குழு மனிதக் கருவின் கல்லீரல் செல்களில் எண்ணிப் பார்த்திருக்கிறது. அவர்களுக்கும் 46தான் வந்தது. ஆனால் 48-ஐக் கண்டுபிடிக்க முடியவில்லையே என்று வேலையைப் பாதியில் நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் வகுப்பில் பேச்சை நிறுத்திவிடுங்கள். "நீங்களாக இருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். கேள்வியே கேட்காத வகுப்பு என்றீர்களே, அதே வகுப்பு பேசத் தொடங்கும். 46 என்று வெளியான மூன்றே வருடத்தில், 1959-இல், பாரிஸில் மார்த் கோத்தியே, ஜெரோம் லெஜூன் ஆகியோர் இருந்த குழு டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளின் செல்களில் 47 குரோமோசோம்கள் இருப்பதைச் சொன்னது. இயல்பான எண்ணிக்கை எவ்வளவு என்பதே குழப்பமாக இருந்தவரை ஒன்று கூடியிருப்பதை எப்படி அடையாளம் காண்பது? சரியாக எண்ணுவது ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்கும் மாணவருக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கதையைச் சொன்னதும் கெட்டிக்கார மாணவர் ஒருவர் எழுந்து, "அப்படியென்றால் 46-உம் நாளைக்கு மாறலாமா?" என்று கேட்பார். நல்ல கேள்வி, மழுப்பாதீர்கள். 48 நின்றது ஒரே வகை ஆதாரத்தில், எல்லாரும் ஒரே எண்ணை எதிர்பார்த்துக்கொண்டே எண்ணியதில். 46 நிற்பது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல முறைகளில்: வெவ்வேறு திசுக்கள், ஒவ்வொரு குரோமோசோமையும் தனித்தனியாகக் காட்டும் பட்டைச் சாயங்கள், டி.என்.ஏ. வரிசையையே படித்துப் பார்த்தது. "எல்லாம் மாறும்" என்று நினைத்துக்கொண்டு மாணவர் வீட்டுக்குப் போனால் நாம் நடத்தியது வீண். எது எதனால் உறுதியாக நிற்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

சரி, செய்முறை வகுப்புக்கு வருவோம். வெங்காய வேர் நுனியில் செல் பிரிதல் பார்ப்பது பெரும்பாலும் எல்லா இடத்திலும் உண்டு. வெங்காயத்தின் அடி தண்ணீரில் படும்படி வைத்தால் இரண்டு மூன்று நாளில் வேர் விடும். நுனியில் இரண்டு மில்லிமீட்டர் வெட்டி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இளஞ்சூட்டில் வைத்து மெதுவாக்கி (அமிலத்தை நீங்களே கையாளுங்கள்), அசிட்டோகார்மைன் சாயமிட்டு, கவர் ஸ்லிப்பை மேலே வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்த வேண்டும். விரல் கொஞ்சம் வழுக்கினாலும் செல்கள் சுருண்டு பாழாகிவிடும்.

ஆரம்ப காலத்தில் என் வகுப்பில் ஒரு மாணவி வரைந்த படத்தை மறக்க முடியாது. செல் பிரிதலின் நிலைகளான புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ் நான்கும் வரிசையாக, அவ்வளவு நேர்த்தி. அவருடைய நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தேன். காற்றுக்குமிழி ஒன்றின் கரிய வளையம் மட்டும்தான் தெரிந்தது. அந்தப் பெண்மேல் தப்பில்லை. பாடநூல் படம் வந்தால் மதிப்பெண் என்று பழக்கியவர்கள் நாங்கள்தானே.

அதற்குப் பிறகு முறையை மாற்றினேன். படம் வரைவதற்கு முன் எண்ண வேண்டும். ஒரு பார்வைப் புலத்தில் நூறு செல்கள், எந்த நிலையில் எத்தனை என்று பட்டியல். ஒரே ஸ்லைடை இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும், ஒருவர் எண்ணியதை மற்றவர் முன்கூட்டியே பார்க்கக் கூடாது. இருவர் கணக்கும் ஒத்துவராது. ஒருவர் புரோஃபேஸ் என்று எழுதியதை மற்றவர் இன்டர்ஃபேஸ் (இரண்டு பிரிதல்களுக்கு இடைப்பட்ட நிலை) என்று எழுதியிருப்பார். இருவரும் சண்டை போட்டுக்கொண்டே என்னிடம் வருவார்கள். நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். "புரோஃபேஸ் என்று சொல்ல என்ன தெரிய வேண்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வரி எழுதுங்கள், அதை வைத்து மறுபடி எண்ணுங்கள்" என்பேன். எந்த ஆய்வகத்திலும் முதல் ஆறு மாதம் நடக்கும் வேலை இதுதான்: எதை எண்ணுகிறோம் என்று வரையறுப்பது, இரண்டு பேர் எண்ணினால் ஒத்துவருகிறதா என்று பார்ப்பது.

எண்ணி முடித்ததும் இன்னொரு விஷயம் தானாக வரும். பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் குறைவாகவும், சும்மா இருப்பதுபோல் தெரியும் இன்டர்ஃபேஸ் செல்கள் மிக அதிகமாகவும் இருக்கும். ஏன்? கூட்டத்தைப் புகைப்படம் எடுத்தால், நீண்ட நேரம் எடுக்கும் வேலையில் இருப்பவர்கள்தான் படத்தில் அதிகம் சிக்குவார்கள். ஆக, ஒரு சுற்று முழுதும் முடிய எவ்வளவு நேரம் என்று தெரிந்தால், எண்ணிக்கையிலிருந்து ஒவ்வொரு நிலையும் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கணக்கிடலாம். செத்துப்போன செல்களின் ஸ்லைடிலிருந்து காலத்தை அளக்கிறோம்! வேர் நுனியில் எல்லாச் செல்களும் பிரிந்துகொண்டே இருக்கின்றன என்ற அனுமானம் இதில் ஒளிந்திருக்கிறது. அதையும் மாணவர்களையே கண்டுபிடிக்க விடுங்கள்.

நுண்ணோக்கியே இல்லை என்றால்? பழைய சோதனைகளின் எண்களே போதும். மெண்டல் பட்டாணிச் செடிகளில் உருண்டை விதை, சுருங்கிய விதை பற்றிச் சொன்னது 5,474-க்கு 1,850. வகுத்தால் 2.96. இதை எல்லாரும் 3:1 என்று எழுதிவிட்டுக் கடந்துபோகிறோம். ஆனால் அவர் செடிவாரியாகவும் எண்களைக் கொடுத்திருக்கிறார். முதல் செடியில் 45-க்கு 12. நான்காவது செடியில் 19-க்கு 10. அதைவிட ஆச்சரியம், ஒரு செடியில் 43 உருண்டைக்கு வெறும் 2 சுருங்கியவை, இன்னொன்றில் 14-க்கு 15. அந்த 14-க்கு 15 வந்த செடியை மட்டும் ஒருவர் பார்த்திருந்தால் என்ன விதி எழுதியிருப்பார்? எத்தனை விதை எண்ணினால் போதும்? மாதிரியின் அளவு என்ற புள்ளியியல் கருத்தை இதைவிட எளிதாகச் சொல்லித்தர எனக்குத் தெரியவில்லை. மெண்டல் 28,000 செடிகள் அளவுக்கு ஏன் வளர்த்தார் என்பதும் அப்போதுதான் உறைக்கும்.

விதை ஏன் சுருங்கியது என்பதற்கான மூலக்கூறுக் காரணம் 1990-இல்தான் வந்தது என்பதையும் சொல்லுங்கள். மாவுச்சத்தைக் கிளைவிடச் செய்யும் ஒரு நொதியின் ஜீனுக்குள் இடம் மாறும் டி.என்.ஏ. துண்டு ஒன்று புகுந்து அதைக் கெடுத்திருக்கிறது. மாவுச்சத்து சரியாக உருவாகாமல் விதையில் சர்க்கரை மிஞ்சுகிறது, சர்க்கரை தண்ணீரை இழுக்கிறது, விதை பெரிதாக உப்பி, காயும்போது தோல் சுருங்கிவிடுகிறது. ஒரு விதையின் சுருக்கத்தில் மரபியலும் உயிர்வேதியியலும் சவ்வூடு பரவலும் வந்து நிற்கின்றன. பாடநூலில் இவை மூன்றும் மூன்று தனி அத்தியாயங்கள்.

ஒளிச்சேர்க்கைப் பாடத்துக்கு, பதினேழாம் நூற்றாண்டு ஆய்வாளர் வான் ஹெல்மான்ட் செய்த சோதனை. உலர்த்தி நிறுத்த 200 பவுண்டு மண்ணில் 5 பவுண்டு வில்லோ கன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது, மண் இரண்டு அவுன்ஸ்தான் குறைந்தது. தண்ணீர்தான் மரமாகியது என்று முடிவு செய்தார். எதை அவர் அளக்கவே இல்லை என்று கேளுங்கள். காற்று என்று யாராவது சொல்லும்வரை காத்திருங்கள், பத்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. "மரம் மண்ணைச் சாப்பிட்டு வளர்கிறது" என்ற நம்பிக்கை பட்டப்படிப்பு முடித்தவர்களிடமும் இருக்கிறது. ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டை எத்தனை முறை எழுத வைத்தாலும் அது போகாது, இந்தப் பத்து நிமிடத்தில் போகும்.

ஆன்டிபயாடிக் பாடமும் இப்படித்தான். "மருந்தைப் பார்த்து பாக்டீரியா தன்னை மாற்றிக்கொள்கிறது" என்று மாணவர்கள் எழுதுவார்கள். 1952-இல் ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் இருவரும் வெல்வெட் துணியை வைத்து இதைச் சோதித்தார்கள். பாக்டீரியா வளர்ந்த தட்டின்மேல் வெல்வெட்டை ஒற்றி, அதே துணியை மருந்து கலந்த பல தட்டுகளில் வரிசையாக ஒற்றினார்கள், முத்திரை குத்துவதுபோல. எல்லாத் தட்டிலும் ஒரே இடத்தில் எதிர்ப்புத்திறன் உள்ள பாக்டீரியா முளைத்தது. மருந்தைப் பார்த்த பிறகுதான் மாறின என்றால் இடம் தட்டுக்குத் தட்டு மாறியிருக்க வேண்டும். மருந்து வருவதற்கு முன்பே மூலத் தட்டில் அவை இருந்திருக்கின்றன. சடுதி மாற்றம் முன்னால், தேர்வு பின்னால். வட்டத் தாளில் புள்ளிகள் குத்தி வைத்து, படத்தை மட்டும் காட்டி, "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்டுப் பாருங்கள்.

இப்படி நடத்தினால் பாடத்திட்டம் முடியாதே என்று உங்கள் மூத்த ஆசிரியர்கள் சொல்வார்கள். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் எதிர்ப்பக்கத்து ஆதாரமும் இருக்கிறது. ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் 2014-இல் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் சராசரியாக 33.8 சதவீதம் பேர் தோற்றார்கள். மாணவர்கள் பேசி, செய்து, விவாதித்துக் கற்ற வகுப்புகளில் 21.8 சதவீதம். அவை கல்லூரி வகுப்புகள், எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் எல்லாவற்றையும் வேகமாகச் சொல்லி முடித்தால் எல்லாம் போய்ச் சேர்ந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு எனக்கு இதுவரை எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை.

மாணவர்களே உண்மையான ஆராய்ச்சி செய்ய முடியுமா என்றால், செய்திருக்கிறார்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் ஹாட்ஃபுல் முன்னின்று நடத்தும் ஒரு திட்டம், ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனத்தின் ஆதரவில் 2008-இல் தொடங்கியது. கல்லூரியில் அப்போதுதான் நுழைந்த மாணவர்கள் ஒரு பிடி மண்ணை எடுத்து, கரைத்து, பாக்டீரியாகூடப் புக முடியாத நுண்துளை வடிகட்டியில் வடித்து, அந்த நீரைக் காசநோய்க் கிருமியின் தீங்கற்ற உறவுக்காரப் பாக்டீரியாவோடு கலந்து தட்டில் ஊற்றுகிறார்கள். பாக்டீரியா தட்டு முழுக்கப் பால்போலப் படரும்போது நடுவே சில இடங்களில் கண்ணாடிபோலத் தெளிந்த வட்டங்கள் தோன்றும். அங்கே பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ், அதாவது பாக்டீரியோபேஜ், இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்து, பெயர் வைத்து, டி.என்.ஏ. வரிசையைப் படித்துப் பொதுத் தொகுப்பில் சேர்க்கிறார்கள்.

2010-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மாணவி அழுகிய கத்தரிக்காயின் அடிப்பக்கத்திலிருந்து இப்படி ஒரு பேஜைப் பிரித்தெடுத்தார். அதற்கு மடி (Muddy, சேறு படிந்தது என்ற பொருளில்) என்று பெயர். அது ஹாட்ஃபுல்லின் சேமிப்பில் பல வருடம் இருந்தது. அப்புறம், நுரையீரல் மாற்று அறுவை செய்துகொண்ட இளவயது நோயாளி ஒருவருக்கு எந்த மருந்துக்கும் அடங்காத மைக்கோபாக்டீரியத் தொற்று (காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த பாக்டீரியாவால் வருவது) வந்தபோது, மடியையும் வேறு இரண்டு பேஜ்களையும் கலந்து கொடுத்தார்கள். உடல்நிலை தேறியது. 2019-இல் அந்த விவரம் வெளியானது. ஒரே ஒரு நோயாளியின் கதை அது, பேஜ் எல்லாருக்கும் வேலை செய்யும் என்பதற்கு நிரூபணம் ஆகாது. ஆனால் அழுகிய காயைக் கிளறும் நேரத்தில் அது எதற்குப் பயன்படும் என்று அந்த மாணவிக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. இதைச் சொல்லும்போது வகுப்பு எப்படி அமைதியாகிறது என்று கவனியுங்கள்.

உங்கள் சொந்த ஆராய்ச்சி பற்றி. கற்பித்தல் அதைக் கெடுத்துவிடும் என்று பலரும் பயமுறுத்துவார்கள். முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களை வைத்துச் செய்த ஒரு ஆய்வு 2011-இல் சயின்ஸ் இதழில் வந்தது. ஆராய்ச்சி மட்டும் செய்தவர்களைவிட, ஆராய்ச்சியோடு வகுப்பும் எடுத்தவர்கள் சோதிக்கத்தக்க கருதுகோள்களை எழுதுவதிலும் சோதனையை வடிவமைப்பதிலும் அதிகம் முன்னேறியிருந்தார்கள். என் அனுபவமும் அதுதான். கன்ட்ரோல் (சோதிக்கும் மாற்றம் எதுவும் செய்யாமல் ஒப்பிட வைப்பது) எதற்கு என்று இருபது பேருக்கு விளக்கிப் பார்த்த பிறகுதான் என் சொந்தச் சோதனையில் ஒரு கன்ட்ரோல் குறைவது கண்ணில் பட்டது.

தேர்வைப் பற்றி ஒன்றே ஒன்று. நீங்கள் வைக்கும் உள்தேர்வில் ஒரு கேள்வியாவது எண்களைக் கொடுத்து, "இதிலிருந்து என்ன சொல்லலாம், என்ன சொல்ல முடியாது?" என்று கேட்பதாக இருக்கட்டும். மதிப்பெண் இல்லாத எதையும் மாணவர்கள் பொருட்படுத்த மாட்டார்கள், அதற்காக அவர்களைக் குறைசொல்லவும் முடியாது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். செல் பிரிதல் பாடத்தில், நூல்துண்டும் குப்பியுமாகத் தொடங்குங்கள். கூடவே, செலவில்லாத நீண்ட வேலை ஒன்றையும் ஆரம்பித்துவிடுங்கள். வளாகத்தில் இருக்கும் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, அது முதல் மொட்டு விடும் நாள், முதல் பூ மலரும் நாள், இலை உதிரத் தொடங்கும் நாள் மூன்றையும் ஒவ்வொரு வருடமும் அந்த வருடத்து மாணவர்கள் ஒரே நோட்டில் பதிய வேண்டும். முதல் பூ என்றால் என்ன, ஒரு இதழ் விரிந்தால் போதுமா, முழுதும் மலர வேண்டுமா என்று முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். எந்தக் கிளை, எத்தனை மணி, பார்த்தவர் யார் என்பதும் இருக்கட்டும். பார்க்க மறந்த நாளை வெற்றாகவே விடச் சொல்லுங்கள், யாரும் பிறகு உட்கார்ந்து நிரப்பக் கூடாது.